ரொட்டியில் சேராதது

ஒரே ஒரு இருமல்தான். அதுவும் பெரிய இருமல்கூட இல்லை, கோயிலில் ஜெபத்துக்கு நடுவே யாரோ தொண்டையைச் செருமிக்கொள்வார்களே, அந்த மாதிரி ஒன்று. அதற்குப் பிறகு மாமனார் இருமவே இல்லை. இருமாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று தெரியாமல்தான் லில்லிபாய் அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவில் கதவுநிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு இவ்வளவு நேரமாக நிற்கிறாள். அங்கே நின்றால் இரண்டு பக்கமும் கண் வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கம் கழுவிக் கவிழ்த்த தட்டு, அந்தப் பக்கம் ஜன்னலோர நாற்காலியில் ரெஜ். ரெஜ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று கல்யாணமான புதிதில் சொன்னார்கள். வெள்ளைக்காரன் வீட்டு வழக்கம் அது, அவர்களுக்கு ஒன்றுமில்லை. அவளுக்கோ இத்தனை வருஷமாகியும் மாமனாரைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு வளையவில்லை. மனசுக்குள் மாமா, வாய்விட்டு ஒன்றுமே கிடையாது. கையை லேசாகத் தொடுவாள், அவர் திரும்பிப் பார்ப்பார், அதோடு முடிந்தது. இப்போது தொடப் பயமாக இருக்கிறது. தூங்குகிறார். தூங்கட்டும், வயசானவர், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார், இதில் என்ன அதிசயம். ஆனால் தூங்குகிற மனுசன் தொண்டையில் இதென்ன சத்தம்? குழாயை மூடிய பிறகும் உள்ளே எங்கோ தண்ணீர் களக் களக் என்குமே, அப்படி. நேற்றும் இந்தச் சத்தம் இருந்ததா? நேற்று யார் காது கொடுத்துக் கேட்டார்கள். நேற்று கேட்டிருந்தால் இன்று சொல்லிவிடலாம், இது எப்போதும் உள்ளதுதான் என்று. சவத்துப் புத்தி, ஒரு நாள்கூட உட்கார்ந்து கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் தெளிவாகத்தான் சொன்னாள், இல்லையென்று யார் சொன்னது. பக்கவாதம் வந்து மாமாவின் வலது கையையும் பாதிப் பேச்சையும் பிடுங்கிக்கொண்டு போன பிறகு, அவருக்கு விழுங்க வருகிறதா என்று சோதித்துப் பார்க்க வந்தவள். எல்லாம் மசித்துக் கொடுங்கள் என்றாள், தேநீரில்கூடப் பொடி கலந்து கெட்டியாக்கிக் கொடுங்கள் என்றாள், வயிற்றுக்குப் போக வேண்டியது வழி தவறி நெஞ்சுக்குப் போனால் அதுவே போதும் என்றாள். எதற்குப் போதும் என்று சொல்லவில்லை. ரொட்டி கூடாது, சோறு கூடாது, பிஸ்கட் கூடாது. ரொட்டி கூடாது. சரி, கூடாது. லில்லிபாய் ரொட்டியா கொடுத்தாள்? கிரம்பெட் எப்படி ரொட்டியாகும்? ரொட்டி என்றால் பிசைய வேண்டும், குத்த வேண்டும், உருட்டி அடுப்புக்குள் வைக்க வேண்டும். இது கரைக்கிற மாவு. ஈஸ்ட் போட்டுப் பொங்கவிட்டு, கல்லில் வளையத்தை வைத்து அதற்குள் கரண்டியால் ஊற்றினால், மேலே குமிழ் கிளம்பி வெடித்துக் கண் கண்ணாக ஓட்டை விழும். நம்ம ஊர் ஆப்பத்தையே உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கி, விரல் கனத்துக்குத் தடிப்பாகச் சுட்டால் என்ன வருமோ அதுதான் வரும். ஆப்பத்தை எந்த மடையனாவது ரொட்டி என்பானா? மார்த்தாண்டத்தில் காய்ச்சல்காரனுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் பல் போன கிழடுகளுக்கும் எதைக் கொடுப்பார்கள்? ஆப்பத்தைப் பிய்த்துப் பாலில் ஊறப்போட்டுத்தானே கொடுப்பார்கள். அதைத்தானே செய்தாள். டோஸ்டரில் வாட்டி, ஓரத்தின் மொரமொரப்பை எல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு, நடுப்பாகத்தை மட்டும் இளஞ்சூட்டுப் பாலில் ஊறவைத்து, கரண்டியால் நசுக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, நாடியை அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சங் கொஞ்சமாக ஊட்டினாள். பிள்ளைக்கு ஊட்டுவது மாதிரி. இதைவிட என்ன செய்வார்கள்? கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள். கோர்ட் என்று ஏன் நினைத்தாள்? கோர்ட் எங்கிருந்து வந்தது இப்போது?

வெளியே மழை தூறுகிறது. மூன்றரைக்கே வெளிச்சம் செத்துப்போகிற நாடு. எதிர் வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிகிறது, அந்த வீடுகளிலும் இந்நேரம் டோஸ்டரில் கிரம்பெட் குதித்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை அல்லவா. இங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அதற்கு ஒரு மணம் உண்டு, கருகிய வெண்ணெய் மணம். முதல் தடவை அந்த மணத்துக்குள் அவள் நுழைந்தபோது இதே முன்னறை, குளிர்காய வைத்த இதே கேஸ் அடுப்பின் நீலத் தணல். ஆலன் அவளை ஆரல்வாய்மொழி காற்றாலைகளுக்கு நடுவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தான். காற்றாடி இறக்கையைச் சரிசெய்ய வந்தவன் கம்பெனி ஆபீஸில் பில் எழுதிக்கொண்டிருந்தவளைக் கட்டிக்கொண்டு போனான் என்று ஊரே சிரித்தது. ரெஜ் கல்யாணத்துக்கு வரவில்லை. முதுகுவலி என்றார்கள். மாமியார் டோரின் மட்டும் வந்து பட்டுச்சேலை கட்டி, வியர்த்து, நெய்ச்சோறு தின்று, அழுதுவிட்டுப் போனாள். அந்த டோரின்தான் அன்றைக்கு ஒரு தட்டில் கிரம்பெட்டை வைத்து நீட்டினாள். லில்லிபாய் பார்த்தாள், அட இது நம்ம ஆப்பம்தானே என்று மனசு குளிர்ந்துபோய், ஓட்டைப் பக்கத்தைக் கீழே கவிழ்த்துப்போட்டு, வழவழவென்றிருந்த அடிப்பக்கத்தில் வெண்ணெய் தடவினாள். ஓட்டையில் போட்டால் ஒழுகிவிடாதா? ஆலனின் அக்கா பிரெண்டா வாயைப் பொத்திக்கொண்டாள். ரெஜ் பேப்பரைத் தாழ்த்திக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "அதைத் தலைகீழாகத் தின்பவர்களை இந்த வீட்டில் இதுவரை யாரும் பார்த்ததில்லை" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் அவள் முதுகில் பல வருஷம் உட்கார்ந்திருந்தது. ஓட்டை இருப்பதே வெண்ணெய் இறங்கத்தான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இவர்களுக்கு அதெல்லாம் தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. ஜாம் போடலாமா கூடாதா, பாலாடைக்கட்டி போட்டால் குற்றமா, இந்த நாட்டு வடக்கத்தியான் சுடுவது நல்லதா தெற்கத்தியான் சுடுவது நல்லதா, இதற்கெல்லாம் ரெஜ் மணிக்கணக்காகச் சண்டை போடுவார். யுத்தம் முடிந்தும் வெண்ணெய்க்கு ரேஷன் இருந்த காலத்தில் வளர்ந்தவர், அதனால் வெண்ணெயைக் குறைத்தால் பொறுக்கமாட்டார். டோரின் செத்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். பாக்கெட் வாங்கிவந்து சுட்டுக் கொடுத்தார்கள், தொடவில்லை. அப்போதுதான் லில்லிபாய் தானே மாவு கரைத்தாள். ஆப்பமாவின் பதம் கைக்குத் தெரியுமே, அந்தப் பதத்தில் கரைத்து ஊற்றினாள். முழுசாகத் தின்றார். தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். அன்றைக்கு அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான். பிறகு ஞாயிறு தவறாமல் அவள் கைக் கிரம்பெட்தான். அவளும் அவரும் இந்த வீட்டில் பேசிக்கொண்டதெல்லாம் அதன் வழியாகத்தான்.

அதனால்தான் இன்றைக்குக் கேட்டார். அவளிடம் கேட்காமல் யாரிடம் கேட்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து மசித்த உருளைக்கிழங்கு, மசித்த கேரட், மசித்த கோழி, எல்லாம் ஒரே குழைவு. ஒவ்வொரு கரண்டிக்கும் முகத்தைத் திருப்புகிற மனுசன், இன்று மத்தியானம் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பேச்சு குழறுகிறது, ஆனாலும் ஞாயிறு என்றது புரிந்தது. ஞாயிறு. திரும்பவும் ஞாயிறு. கண்ணில் தண்ணீர். எண்பது தாண்டிய ஆம்பிளை, கல்யாணத்துக்கு வராத மனுசன், ஒரு பலகாரத்துக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தெரியாமல் அழுகிறார். எந்தப் பாவி இல்லையென்று சொல்லுவாள்? முதல் கரண்டி உள்ளே போனதும் அவர் முகம் எப்படி மாறியது! உதடு ஒரு பக்கம்தான் ஏறும், அந்த ஒரு பக்கம் முழுக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் அவளைக் கெடுத்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது, மூன்றாவது. அப்புறம் அந்த இருமல். கண் ஒருதரம் விரிந்து, முகம் சிவந்து, பிறகு சரியாகிவிட்டது. சரியாகத்தான் ஆனது, அவளே பார்த்தாள். "நல்லாயிருந்தது" என்றார், குரல் மட்டும் ஈரமாக, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அவள் மிச்சத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்து, குப்பையில் போடப் போனவள், போடவில்லை. குப்பையைப் பிரெண்டா பார்ப்பாள். நின்றபடியே வாயில் அள்ளிப்போட்டு விழுங்கினாள், பாலோடு, மெல்லாமல். திருடி மாதிரி. தட்டைக் கழுவினாள், கரண்டியைக் கழுவினாள், டோஸ்டரின் அடித்தட்டைக்கூட இழுத்துத் தட்டினாள். மணத்தை என்ன செய்வது? ஜன்னலைத் திறந்தாள், குளிர்காற்று உள்ளே பாய்ந்தது, ஐயோ அவருக்கு ஆகாதே என்று சாத்தினாள், சாத்தியதும் மணம் திரும்ப வந்துவிட்டது, மறுபடி திறந்தாள். தப்பு செய்யாதவள் எதற்கு இந்தப் பாடு படுகிறாள் என்று தன்னையே கேட்டுக்கொண்டு மறுபடி சாத்தினாள்.

போன் அடித்தது. ஆலனாக இருக்குமோ? ஆலன் இப்போது நடுக்கடலில், கடலில் நட்டிருக்கிற காற்றாலைகளில் தொங்கிக்கொண்டிருப்பான், அடுத்த வாரம்தான் கரைக்கு வருவான். இல்லை, அக்கா ரெஞ்சிதம், மார்த்தாண்டத்திலிருந்து. ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். லில்லிபாய் குரலை அமுக்கி, எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஏன் மக்ளே இப்பிடிப் பதறுக? பாலுல ஊறவச்சுத்தான குடுத்த?"

"ஆமாக்கா. நல்லா ஊறவச்சேன். நசுக்கித்தான் குடுத்தேன்."

"பின்ன என்ன? அதுனால ஒண்ணும் வராது. வயசானவங்களுக்கு இதவிட லேசா என்னத்தக் குடுக்க? நம்ம அம்மைக்குங் கடைசில அதுதான குடுத்தோம்."

"ஆமா" என்றாள் லில்லிபாய்.

"நீ சும்மா கெடந்து மனசக் கொழப்பாத. பைய அவர எழுப்பி ஒரு மடக்கு தண்ணி குடு, எல்லாம் சரியாவும்."

தண்ணி கூடாதே என்று சொல்ல வந்தவள் சொல்லவில்லை, வைத்துவிட்டாள். மனசு லேசானது போலிருந்தது, நாலு எட்டு வைப்பதற்குள் திரும்பப் பிடித்துக்கொண்டது. கடைசில. கடைசில அதுதான குடுத்தோம். அம்மைக்குக் கொடுத்தது எப்போது? சனிக்கிழமை சாயங்காலம் ஆப்பமும் பாலும். அம்மை போனது திங்கள் விடியக்காலம். நடுவில் ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டி இழுத்தது. வயசாச்சு, சளி பிடிச்சுப்போச்சு, கர்த்தர் கூப்பிட்டுக்கொண்டார் என்றார்கள். சளிதானே? எல்லாரும் சளி என்றுதானே சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை கரண்டியைப் பிடித்திருந்தது யார்? ரெஞ்சிதமா? இல்லை, ரெஞ்சிதம் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். ஊட்டியது லில்லிபாய். லீவுக்கு ஊருக்குப் போயிருந்த லில்லிபாய். அம்மை இருமினாளா? இருமியிருப்பாள், யாருக்கு நினைவிருக்கிறது. ஆண்டவரே, இதை இப்போது ஏன் நினைக்கவைக்கிறாய். அது சளி. அது சளிதான். நூறு வீட்டில் கொடுக்கிறார்கள், நூறு பேரும் செத்தா போகிறார்கள்? சாகிறவர்களுக்குத்தானே கொடுக்கிறார்கள், அதனால் சாவது மாதிரித் தெரிகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் அவளால் தாங்க முடியாது.

களக். நின்றது. நின்றுவிட்டதா? கதவுநிலையை விட்டு நகர்ந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிகிறாள். இல்லை, வருகிறது, மெதுவாக, மேலோட்டமாக. உதட்டோரத்தில் பால் காய்ந்த வெள்ளை. துடைக்கிறாள். புறங்கையை நெற்றியில் வைக்கிறாள். சுடுகிறதா? அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதால் சுடுகிறது. அடுப்புப் படாத அந்தப் பக்கக் கன்னத்தைத் தொடுகிறாள். அதுவும் சுடுகிறது. இப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் வந்து என்ன கேட்பார்கள்? என்ன கொடுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். ரொட்டி கூடாது என்று சொன்னோமே. ஐயா, இது ரொட்டி இல்லை, இது ஆப்பம் மாதிரி. சொல்லிப் பார்க்கிறாள் மனசுக்குள், அசட்டுத்தனமாக இருக்கிறது. ஏன் அசடாக இருக்கிறது என்று யோசிக்கப் போய், அங்கே தட்டுகிறது, இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி விலகிப்போன இடம். அந்தப் பெண் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "வேறு எதாவது கேட்க வேண்டுமா?" என்றாள். அப்போது கிரம்பெட் லில்லிபாயின் நாக்கு நுனியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருமே, கேட்பாரே, கேட்டால் கொடுக்கலாமா என்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். திறந்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்றாள். கேட்டால் கூடாது என்பாள் என்று தெரியும். கேட்காமல் இருந்தால் தெரியாமல் கொடுத்தது ஆகும். தெரியாமல் கொடுக்கிற வழியை அன்றைக்கே திறந்துவைத்துக்கொண்டுதான் அந்த அறையை விட்டு எழுந்து வந்திருக்கிறாள். அடிப்பாவி, எனக்குத் தெரிந்திருக்கிறதே, எல்லாம் தெரிந்திருக்கிறதே என்று அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் சாவி திரும்பியது. பிரெண்டா. ஐந்து மணிக்கு வருவாள் என்று தெரியும், ஆனாலும் லில்லிபாய் சட்டென்று எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். நனைந்த கோட்டோடு உள்ளே வந்த பிரெண்டா மூக்கை உயர்த்தி மோந்தாள்.

"நல்ல வாசனை. நீ சாப்பிட்டியா?"

"ஆமா. பசிச்சுது" என்றாள் லில்லிபாய். இவ்வளவு சுலபமாக வந்தது பொய்.

"நல்லதாப் போச்சு" என்றாள் பிரெண்டா. பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். கிரம்பெட். "உன் கைப்பக்குவம் வராதுதான். இருந்தாலும் ஞாயித்துக்கிழமை அவருக்கு இது இல்லாம எப்படி? போன வாரம் முகத்தைப் பார்க்கச் சகிக்கல. ஒண்ணே ஒண்ணு, பொடிசாப் பிச்சுக் குடுக்கலாம். நீ ஆலன்கிட்ட சொல்லிடாதே, சரியா?" சொல்லிவிட்டுக் கண்ணடித்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிரெண்டா அவளைப் பார்த்துக் கண்ணடித்தது இதுதான் முதல் தடவை.

டோஸ்டரின் கம்பிகள் சிவந்தன. லில்லிபாய் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும், ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வாய் வரவில்லை. ஏன் வரவில்லை? ஏனென்றால் ஓரமாக ஒரு நினைப்பு வந்து நின்றுகொண்டிருக்கிறது, மெதுவாக, மரியாதையாக: பிரெண்டா கொடுத்தால் பிரெண்டா கொடுத்ததுதான். மகள் கையால் போனது. மருமகளை எவன் கேட்பான்? மூன்று கரண்டியை யார் பார்த்தார்கள்? தட்டு கழுவியாயிற்று, மிச்சம் அவள் வயிற்றில் இருக்கிறது. காய்ச்சல் வந்தாலும் ராத்திரிக்குத்தான் வந்தது என்று ஆகிவிடும். பிரெண்டா அழுவாள், ஆயுசுக்கும் அழுவாள், லில்லிபாய் அவள் தோளைத் தட்டிக் கொடுப்பாள், நீ அறிந்தா செய்தாய் என்பாள். அந்தத் தோள்தட்டல்வரை பார்த்துவிட்டாள். "வெண்ணெய் எங்கே?" என்கிறாள் பிரெண்டா. லில்லிபாயின் கை குளிர்பெட்டியைத் திறந்து வெண்ணெயை எடுத்துக் கொடுக்கிறது.

பிரெண்டா தாராளமாகத் தடவினாள். கத்தியை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தட்டைப் பார்த்து நின்றாள். "உடனே எடுத்துட்டுப் போனா அப்பா திட்டுவார். எல்லாம் உள்ளே இறங்கட்டும்" என்றாள். அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது அறுபது வயசுக்காரியின் குரல் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குரலாகிவிட்டது. இருவரும் நின்றார்கள். மஞ்சள் கட்டி ஓரம் மழுங்கியது, கரைந்தது, ஓட்டைகளில் நிறைந்தது, ஒவ்வொன்றாக வற்றியது. முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிரெண்டா அதைக் கேட்டாளா? கேட்டாலும் தூக்கம் என்று நினைத்திருப்பாள். அவள் தட்டைக் கையில் எடுத்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் லில்லிபாய்க்குத் தெரியும், மத்தியானம் தன் முகத்தில் இருந்ததும் அதுதான்.

"வேண்டாம்" என்றாள்.

"ஒண்ணுதானே, லில்லி."

"ஒண்ணு குடுத்தாச்சு. நான் குடுத்தேன். இருமினார். அப்போலேர்ந்து மூச்சு சரியில்ல, உடம்பு சுடுது. நான் மறைச்சுட்டேன், பிரெண்டா. உன்னைக் குடுக்க விட்டுடலாம்னுகூட நினைச்சேன்."

பிரெண்டா தட்டைக் கீழே வைத்தாள். லில்லிபாயின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கோட்டோடு முன்னறைக்கு ஓடி, மண்டியிட்டு, அப்பாவின் மார்பில் காதை வைத்தாள். பிறகு போனை எடுத்து எண்ணைத் தட்டி, வீட்டு விலாசத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். கேட்டவுடன் பிரெண்டாவின் வாய் கோணியது. போனை லில்லிபாயிடம் நீட்டி, "நீதானே கூட இருந்தே. நீயே சொல்லு" என்றாள். லில்லிபாய் வாங்கினாள். கடைசியாக என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரம் ஆகிறது. சொன்னாள். கூடாது என்று தெரிந்துதான் கொடுத்தேன் என்றும் சொன்னாள், அதை யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்ணின் குரல் மாறவேயில்லை. வண்டி கிளம்பிவிட்டது, அவரைப் படுக்கவைக்க வேண்டாம், நீங்கள் பக்கத்தில் போய் அவர் நெஞ்சைப் பாருங்கள் என்றது. ஒவ்வொரு தடவை அவர் மூச்சை உள்ளே இழுக்கும்போதும் எனக்குக் கேட்கிற மாதிரி 'இப்போ' என்று சொல்லுங்கள் என்றது.

லில்லிபாய் மாமனாரின் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். கம்பளிச் சட்டைக்குள் சூடு கொதித்தது.

"இப்போ" என்றாள்.

பிரெண்டா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ."

மழை வலுத்துவிட்டது. கைக்கு அடியில் மார்பு தாழ்ந்து, தாழ்ந்த இடத்திலேயே நின்றது. "சொல்லுங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றது போன். லில்லிபாய் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.